அணைக்கு மேலே இருக்கும் நீர்த்தேக்கம்

மார்ச் மாதக் கடைசியில் நீலகிரியின் அவலாஞ்சி அணைப் பக்கம் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். புல்வெளி காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். அணையில் தண்ணீர் இறங்கி, கரையைச் சுற்றிலும் செம்மண் வளையம் தெரியும். ஆனால், அந்த அணையில் வந்து சேரும் ஓடைகள் பல அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இமயமலை ஆறுகளைப் போல உருகி வரப் பனிமலை இங்கே இல்லை. ஓடைகளின் தலைமாட்டில் ஏரியும் இல்லை. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நீலகிரிக்குப் போகிற நாம் அணைகளைத் தேடிப் போய்ப் பார்க்கிறோம். பைக்காராவில் படகு விடுகிறோம், காமராஜ் சாகர் கரையில் படம் எடுக்கிறோம், எமரால்டு வரை வண்டியில் போய் வருகிறோம். அணைச் சுவருக்குப் பின்னால் தேங்கி நிற்பது கண்ணில் படும் தண்ணீர். கண்ணில் படாத இன்னொரு தேக்கம் அதற்கு மேலே, புல்லுக்கும் சோலைக்கும் அடியில், மண்ணில் இருக்கிறது. முதலாவதைக் கட்டியவர்கள் பொறியாளர்கள். இரண்டாவது உருவாகப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. மலையில் கால்நடையாக நடப்பவர்களுக்குத்தான் அது பிடிபடும்.

உயரம்தான் மின்சாரம்

இந்த மலையில் இத்தனை அணைகள் கட்டியதற்கு முதல் காரணம் அதன் வடிவம். நீலகிரியின் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். மேலே உருண்டு திரண்ட குன்றுகளும் அகன்ற பள்ளங்களுமாக இருக்கும் நிலம், ஓரத்துக்கு வந்ததும் சட்டென்று சரிந்து சமவெளிக்கு இறங்குகிறது. அடியில் இருப்பது சார்னோக்கைட் என்னும் கெட்டியான பழம்பாறை. அது உருவாகிச் சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேற்கு ஓரத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கை கொடுக்கிறது.

உயரம் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அந்த உயரத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீர் விழுந்தால் கிடைக்கக்கூடிய ஆற்றல் ஒரு யூனிட் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குதான். அப்பர்பவானி அணை சுமார் 2,275 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தேங்கும் தண்ணீர் பில்லூர் அணைக்கு வந்து சேருவதற்குள் ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்குகிறது. அதே 1,000 லிட்டர் இப்படி இறங்கினால் சுமார் 4.9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. குழாயிலும் எந்திரத்திலும் வீணாவதைக் கழித்தாலும் நான்கு யூனிட்டுக்கு மேல் தேறும். மேட்டூரில் தேங்கும் 93.47 டி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் மலைமேல் இருக்கும் அணைகள் சிறியவை. ஆனால் அவற்றில் இருக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் மதிப்பு பல மடங்கு அதிகம்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டுதான் அன்றைய சென்னை மாகாண அரசு 1929-ல் பைக்காரா மின் திட்டத்தைத் தொடங்கியது. 1932-ல் மின்சாரம் வந்தது. கிளன்மார்கனிலிருந்து மலைச்சரிவில் பதித்த இரும்புக் குழாய்கள் வழியே சுமார் 3,000 அடி கீழே சிங்காராவுக்குத் தண்ணீர் பாய்ந்தது. அங்கே உற்பத்தியான மின்சாரம் கோவைக்குப் போனது. 1930-களில் கோவையில் பஞ்சாலைகள் அடுத்தடுத்து எழுந்ததற்குப் பைக்காரா மின்சாரம் முக்கியமான காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா செய்த உதவியோடு குந்தா மின் திட்டம் வந்தது. அப்பர்பவானியில் தேக்கிய தண்ணீர் சுரங்கம் வழியாக அவலாஞ்சிக்கு வருகிறது. அவலாஞ்சியும் எமரால்டும் ஒன்றோடொன்று இணைந்த அணைகள். அங்கிருந்து குந்தா, கெத்தை, பரளி என்று படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் மின்சாரம் தந்துவிட்டு, பில்லூருக்குப் போகிறது. குந்தா வரிசையில் இருக்கும் ஆறு மின் நிலையங்களின் மொத்தத் திறன் 585 மெகாவாட். இப்போது போர்த்திமந்து அணையை மேல் தேக்கமாகவும் அவலாஞ்சி-எமரால்டைக் கீழ்த் தேக்கமாகவும் வைத்து 500 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் அமைக்கும் வேலை நடக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, தேவை கூடும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது அதன் முறை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக இந்த மாதிரி நிலையங்களுக்கான தேவையும் கூடும்.

மின்சாரத்தோடு தண்ணீரின் வேலை முடிந்துவிடவில்லை. பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிநீர் போகிறது. அதற்குக் கீழே பவானிசாகர். பைக்காரா தண்ணீரும் மாயாறு வழியாக அங்கேதான் வந்து சேர்கிறது. கீழ்பவானி வாய்க்கால் பாசனம் பெறும் நிலம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். அப்பர்பவானிக் குன்றில் பெய்த ஒரு மழைத்துளி நாலைந்து முறை மின் எந்திரத்தைச் சுற்றிவிட்டு, கோவையில் ஒரு வீட்டுக் குழாயிலோ, கோபி பக்கம் ஒரு மஞ்சள் வயலிலோ போய் முடியலாம்.

இந்த வரிசை முழுவதையும் தாங்கி நிற்பது ஒரே ஒரு விஷயம். மழை நின்ற பிறகும் மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது?

நீலகிரியில் சாலை போடுவதற்காக மலையை வெட்டிய இடத்திலோ, நீர்மட்டம் இறங்கிய அணையின் கரையிலோ கொஞ்ச நேரம் நின்று அந்த மண்சுவரைப் பாருங்கள். மேலே ஒரு சாண் முதல் சில அடி வரை கறுப்பு மண் இருக்கும். தொட்டால் பொலபொலவென்று உதிரும். நுண்ணிய வேர்கள் நூல் நூலாகப் பின்னிக் கிடக்கும். அதற்குக் கீழே திடீரென்று நிறம் மாறி மஞ்சளும் சிவப்புமான மண் தொடங்கும். இன்னும் கீழே போனால் நொறுங்கிய பாறை. அதற்கும் கீழே உடையாத பாறை.

கறுப்பு நிறத்துக்குக் காரணம் மக்கிய தாவரப் பொருள். சமவெளி வெயிலில் விழுந்த இலை சில மாதங்களில் மக்கி, அதிலுள்ள கரிமம் காற்றோடு போய்விடும். 2,000 மீட்டர் உயரத்துக் குளிரில் நுண்ணுயிர்களின் வேலை மெதுவாகத்தான் நடக்கும். மக்குவதைவிடச் சேர்வது அதிகமாக இருக்கும். இப்படிச் சேர்ந்த மண்ணில் இண்டு இடுக்குகள் ஏராளம். பெய்கிற மழையில் பெரும்பகுதி மேலே வழிந்து ஓடாமல் உள்ளே இறங்குகிறது. சிவப்பு மண்ணைக் கடந்து, உடையாத பாறையில் முட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் கழித்துப் பள்ளத்தில் ஊற்றாக வெளியே வருகிறது.

குன்றுகளுக்கு நடுவே தட்டையான பள்ளங்களில் சதுப்பு நிலம் இருக்கும். அங்கே தண்ணீர் எப்போதும் நிற்பதால் காற்று உள்ளே புகாது. செத்த புல் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கரிச்சேறாக மாறியிருக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நனைந்த பஞ்சைப் போலத் தண்ணீர் சொட்டும். இந்தச் சதுப்பின் ஓரங்களில்தான் அழுகண்ணிச் செடியைப் பார்க்கலாம். அதன் இலைமுடிகளின் நுனியில் பசைத்துளி மின்னும். சிறு பூச்சி வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இலை மெல்ல வளைந்து அதைப் பிடித்துச் செரித்துவிடும். நைட்ரஜன் குறைந்த ஈர மண்ணில் வாழ அந்தச் செடி கண்டுகொண்ட வழி இது.

சதுப்பை மிக நன்றாக அறிந்தவர்கள் தோடர்கள். அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேய எல்லாப் புல்லும் ஆகாது. நீலகிரிச் சதுப்புகளில் மட்டும் வளரும் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல்தான் வேண்டும். தோடர்கள் அதை அவ்ஃபுல் என்கிறார்கள். சதுப்புகளை வடித்து உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்ட இடங்களில் இந்தப் புல்லும் போய்விட்டது. இப்போது கூரை வேயப் புல் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. ஒரு சமூகத்தின் வழிபாடே ஒரு சதுப்பு நிலத்தின் நலத்தோடு பிணைந்திருக்கிறது.

அணைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அணை கட்டத் தேர்ந்தெடுக்கப்பட்டவை பள்ளத்தாக்குகள். சதுப்புகள் இருந்ததும், தோடர் எருமைகள் மேய்ந்ததும் அதே பள்ளத்தாக்குகளில்தான். அவற்றில் பல இன்று நீருக்கடியில் இருக்கின்றன. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டிய கடமை அதனாலேயே கூடுகிறது.

சோலை ஓரிடம், புல் ஓரிடம்: ஏன்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளுக்கே உரிய காட்சி ஒன்று உண்டு. குன்று முழுவதும் புல். குன்றுகளின் மடிப்புகளில் மட்டும் அடர்த்தியான காடு. புல்லுக்கும் காட்டுக்கும் இடையில் கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. அந்தக் காட்டைத்தான் சோலை என்கிறோம். மரங்கள் குட்டையாக, தண்டு முறுக்கிக்கொண்டு, பாசி போர்த்தி நிற்கும். தளிர்கள் சிவப்பாக இருக்கும். ஓரத்தில் காட்டுப்பூவரசு மரங்கள் செந்நிறப் பூக்களோடு தனியே நிற்கும். உள்ளே நுழைந்தால் வெயில் தெரியாது. நீலகிரிச் சிரிப்பான் குருவியின் கூட்டுக்குரல் கேட்கும்.

நல்ல மழை பெய்யும் இடத்தில் மலை முழுவதும் ஏன் காடாகவில்லை? இதற்கு அறிவியலாளர்கள் சொல்லும் காரணங்களில் முக்கியமானது உறைபனி. டிசம்பர், ஜனவரி வந்தால் தலைகுந்தா, காந்தல் பகுதிகளில் புல்தரை வெள்ளை விரித்தது போலிருக்கும் படம் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வரும். மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சட்டென்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடியற்காலையில் அந்தத் திறந்த பள்ளத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குப் போய்விடும். புல்லின் உயிர்முனை தரையை ஒட்டி ஒளிந்திருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். வெப்பமண்டல மரத்தின் கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, கருகிவிடும். சோலைக்குள்ளே கதை வேறு. அங்கே இலைக் கூரை இரவு வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் சோலை தன் கன்றுகளைத் தன் நிழலிலேயே வளர்த்துக்கொள்கிறது, வெளியே பரவ முடிவதில்லை. காட்டுத் தீயும் காற்றும் மேய்ச்சலும் இதோடு சேர்ந்து எல்லையைக் காக்கின்றன.

காட்டை மனிதர்கள் அழித்ததால்தான் புல்வெளி வந்தது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குப் பதில் சாண்டிநல்லாவில் கிடைத்தது. இன்று காமராஜ் சாகர் அணை இருக்கும் பகுதி அது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர்.சுகுமாரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர்.ரமேஷும் சக ஆய்வாளர்களும் அங்கே சதுப்பில் குழி எடுத்து, அடுக்கடுக்காகக் கரிச்சேற்றைச் சேகரித்தார்கள். 1993-ல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது.

அவர்கள் தேடியது கார்பன்-13. கார்பனில் எடை 12, எடை 13 என இரு நிலையான வகைகள் உண்டு. மரங்கள் ஒளிச்சேர்க்கையின்போது கனமான கார்பன்-13-ஐப் பெருமளவு ஒதுக்கிவிடும். வெப்பமண்டலப் புற்களில் பலவற்றின் ஒளிச்சேர்க்கை வழி வேறு. அவை அவ்வளவாக ஒதுக்காது. ஆகவே ஒரு மண் அடுக்கில் இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், அந்தக் காலத்தில் அங்கே எந்த வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்பது தெரிந்துவிடும். சாண்டிநல்லாச் சேறு 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தைச் சொன்னது. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, பருவமழை பலவீனமாக இருந்த வறண்ட காலத்தில், இங்கே புல் ஓங்கியிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை வலுத்தபோது மரங்களும் ஈரம் விரும்பும் தாவரங்களும் கூடின. பிறகு மறுபடியும் மாறின. கோடரியும் கலப்பையும் இந்த மலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி இங்கே இருந்தது. இது அழிந்த காடு அல்ல, தனக்கென ஒரு வரலாறு கொண்ட நிலம்.

கிளன்மார்கன் சொன்ன பாடம்

புல்வெளியை வெற்றுநிலம் என்று கருதியதன் விளைவு பெரியது. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்தது. விறகுக்கும் தைலத்துக்கும் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை தேவைப்பட்டதால் சீகை (வாட்டில்) மரம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு செயற்கை இழை ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும் என்று இன்னும் பரவலாக நட்டார்கள். புல் மட்டும் வளரும் இடத்தில் மரம் நட்டால் நாட்டுக்கு நல்லதுதானே என்ற எண்ணம் அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் இருந்தது.

அந்த எண்ணம் சரிதானா என்று அளந்து பார்த்தது, உதகையில் இருக்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம். இடம் கிளன்மார்கன். பக்கத்துப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரே அளவான, தலா சுமார் 32 ஹெக்டேர் பரப்புள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1968-லிருந்து இரண்டின் ஓடைகளிலும் தண்ணீரை அளந்தார்கள். இரண்டும் இயற்கையாக எப்படி ஓடுகின்றன என்பது பிடிபட்ட பிறகு, 1972-ல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைச் சோலையும் புல்லுமாக அப்படியே விட்டார்கள். மழை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே ஓடையில் வரும் வித்தியாசத்துக்கு மரமே பொறுப்பு.

முதல் பத்தாண்டுச் சுழற்சியில், மரம் நட்ட ஓடையின் மொத்த நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் விட்டு வளர்ந்த இரண்டாவது சுழற்சியில் குறைவு இன்னும் கூடியது. மழையில்லாத மாதங்களின் ஓட்டத்தைக் காட்டும் குறியீட்டை எடுத்தால் பாதிப்பு இன்னும் கடுமை. முதல் சுழற்சியில் அது பாதியானது. இரண்டாவது சுழற்சியில் 3.75 மடங்கு குறைந்தது. அதாவது, கோடையில் நாலு குடம் தண்ணீர் வந்த இடத்தில் ஒரு குடத்துக்குச் சற்று மேல்தான் வந்தது.

காரணம் எளிது. புல் கோடையில் காய்ந்து, தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்ளும். அதன் வேர் ஆழம் குறைவு. கற்பூர மரம் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். ஆழமாக வேர் விட்டு, மழை மண்ணில் சேமித்துவைத்ததை இழுத்து இலை வழியே ஆவியாக விடும். மறுதளிர் மரத்துக்கு ஏற்கெனவே ஊன்றிய வேர் இருப்பதால் அது இன்னும் வேகமாக இழுக்கும். இந்த ஆய்வில் மழைக்கால வெள்ளத்தின் உச்சமும் ஓரளவு தணிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரம் எங்கும் தீமை என்பது இதன் பொருள் அல்ல. புல்லுக்குரிய இடத்தில் தவறான மரத்தை நட்டால் கோடைத் தண்ணீரைக் கொடுத்துத்தான் அந்த மரத்தை வாங்குகிறோம். பைக்காராவும் குந்தாவும் கோடையில் மின்சாரம் தர நம்பியிருப்பது அந்தக் கோடைத் தண்ணீரைத்தான்.

நட்ட இடத்தோடு நிற்காத மரம்

சீகை மரம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதை யாரும் நட வேண்டியதில்லை, தானே பரவும். அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயோ வெட்டோ ஏற்பட்டு வெளிச்சம் பட்டால் ஆயிரக்கணக்கில் முளைக்கும். வேரில் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணின் குணத்தையே மாற்றிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஆராய்ந்தவர்கள், 1973-லிருந்து 2017-க்குள் அங்கிருந்த புல்வெளிகளில் சுமார் 23 சதவீதத்தை அயல் மரங்கள் ஆக்கிரமித்துவிட்டன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வரையாடும் நீலகிரி நெட்டைக்காலிப் பறவையும் திறந்த புல்வெளியை விட்டால் வேறு எங்கும் போக முடியாதவை. தமிழ்நாட்டின் மாநில விலங்குக்கு வீடு என்பதே புல்தான்.

அகற்றுவதும் எளிய வேலை அல்ல. ஒரே நாளில் மலைச்சரிவை மொட்டையடித்தால் மண் அரித்துக்கொண்டு நேராக அணையில் போய்ப் படியும். வெட்டிய அடுத்த மழையிலேயே சீகை மறுபடி முளைக்கும். பிடுங்குவதையும் நாட்டுப் புல் நடுவதையும் வருடக்கணக்கில் விடாமல் செய்த இடங்களில்தான் புல்வெளி திரும்பியிருக்கிறது. சில இடங்களில் பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளர்வதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே தோப்பை அவசரப்பட்டு வெட்டாமல் விடுவதே நல்லது. ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டிய வேலை இது.

தாங்கும் எல்லை

மண் எவ்வளவு மழையை வாங்கிக்கொள்ளும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அதற்கு மறுநாளும் அதேபோலக் கொட்டியது. சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் பெய்யும் மழையின் அளவு அங்கே ஒரே நாளில் இறங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். மண் நிரம்பி, கனம் தாங்காமல், அவலாஞ்சி, எமரால்டு சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் சரிந்தது. சாலைகள் துண்டிக்கப்பட்டன.

சரிந்த மண் எங்கே போகும்? அணைக்குத்தான். செங்குத்தான சரிவுகளில் காய்கறி பயிரிடும்போது அரிக்கும் மண்ணும் அங்கேதான் போகிறது. குந்தா, பில்லூர் அணைகளில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருப்பது நீண்டகாலப் பிரச்சினை. வண்டலை வாருவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், மேலே இருக்கும் புல்லையும் சோலையையும் காப்பது மிகச் சிக்கனமான அணைப் பராமரிப்பு.

இந்தப் பார்வை உலக அளவிலும் ஏற்கப்பட்டு வருகிறது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் லாங்வுட் சோலையின் பரப்பு 116 ஹெக்டேர். அதிலிருந்து புறப்படும் ஓடைகளை நம்பிக் கீழே பல கிராமங்கள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு காடு, தண்ணீரைத் தேக்கித் தருகிறது என்பதால் ஏரிகளுக்கும் கழிமுகங்களுக்கும் கிடைக்கும் தகுதியைப் பெற்றிருக்கிறது.

நடக்கப் போகிறவர்களுக்கு

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின்கீழ் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். லாங்வுட் சோலைப் பாதையும் அவற்றில் ஒன்று. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றம், யானையும் காட்டெருமையும் நடமாடும் இடத்தில் உயிருக்கும் ஆபத்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவலாஞ்சி, அப்பர்பவானிப் பக்கம் மழையும் மண்சரிவும் எதிர்பாராத நேரத்தில் வரும். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

மலையேற முடியாதவர்களும் ஒரு நாளில் இந்தப் பாடம் முழுவதையும் படித்துவிடலாம். ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் போங்கள். தலைகுந்தாவில் பைன் காட்டுக்குள் இறங்கி, காலடியைக் குனிந்து பாருங்கள். ஊசியிலைகள் மெத்தையாகக் கிடக்கும், செடிகொடிகள் மிகக் குறைவாகவே இருக்கும். மனிதர்கள் நட்ட தோப்பு அது. பிறகு சூட்டிங்மட்டம் போய், வேலிக்கு வெளியில் நின்றே புல்வெளியைக் கவனியுங்கள். ஒரு சதுர அடியில் எத்தனை வகை இலை இருக்கிறது என்று எண்ணுங்கள். குன்றின் மடிப்பில் சோலை எங்கே தொடங்குகிறது, அதன் காலடியிலிருந்து ஓடை எங்கே புறப்படுகிறது என்று கண்ணால் தொடர்ந்து வாருங்கள். அந்த ஓடையின் வழியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஏதாவது ஓர் அணையில் போய் நிற்பீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால், அணையைக் காட்டுவதற்கு முன்னால் இதைக் காட்டுங்கள்.

புல்வெளியில் பாதையை விட்டு நடக்காதீர்கள். சதுப்பில் ஒருவர் மிதித்த தடம் ஓடையாகி, அந்தச் சதுப்பை வடித்துவிடக்கூடும். வண்டியை ஒருபோதும் புல்லில் ஏற்றாதீர்கள். மஞ்சள் பூ அழகாக இருக்கிறதென்று சாலையோரத்து அயல் செடிகளைப் பறித்து வந்து வேறிடத்தில் போடாதீர்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும், ஓடையின் பிறப்பிடத்தில் பாட்டிலை எறிய நமக்கு உரிமை இல்லை.

இதைவிடப் பெரிய கடமை கீழே சமவெளியில் இருக்கிறது. கோவையில் குழாயைத் திறப்பவரும், ஈரோட்டில் மஞ்சள் போடுபவரும், இந்த மின்சாரத்தில் விளக்கெரிக்கும் எல்லோரும் அந்தப் புல்வெளியின் பயனாளிகள். மரம் நடும் விழா என்று யாராவது மலைப் புல்வெளியைத் தேடி வந்தால், இங்கே மரம் வேண்டாம், புல்லைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அயல் மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் பணிக்கு ஆண்டுதோறும் விடாமல் நிதி ஒதுக்கும்படி கேட்க வேண்டும். அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அறிவிக்கும் அரசு, அந்த அணைக்குத் தண்ணீர் தரும் புல்வெளியின் பரப்பையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து மக்களுக்குச் சொல்ல வேண்டும்.